பட்டினி எழுதும் தகுதிச் சான்று

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்திய ஆட்சிப் பணிப் பயிற்சி அதிகாரி ஒருவர் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டை முறைகேடாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பார்வைக் குறைபாட்டுடன் மனநோயையும் அவர் காரணமாகக் காட்டியிருந்தார் என்பது நாடெங்கும் பேசுபொருளாயிற்று. மாத இறுதியில் ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் அவரது தேர்வை ரத்து செய்தது. குற்றம் நடந்திருந்தால் விசாரிக்கவும் தண்டிக்கவும் சட்டம் இருக்கிறது. ஆனால் கார்ப்பரேட் ஊடகங்களும் உயர் அதிகார வட்டாரமும் அத்துடன் நிற்கவில்லை. உயர் பதவிகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் இன்றும் பதவியில் இருப்பவர்களும் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பகிரங்கமாக எழுதினர். கண்ணால் காணக்கூடிய ஊனத்தை ஒப்புக்கொள்ளலாம், மனநோய் என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நம்புவது என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதங்களில் அறிவார்ந்த ஐயம் போல முன்வைக்கப்பட்டது.

அதிகாரம் படைத்த ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் மோசடிக்கு, அதிகாரமே இல்லாத லட்சக்கணக்கானோர் பிணையாக நிறுத்தப்பட்டனர். இது தற்செயலாக நிகழ்ந்தது அன்று. மனநோயால் உழைக்கும் திறனை இழந்தவருக்கு இந்திய அரசு வழங்கும் உதவியின் கட்டுமானம் முழுவதும் அதே சந்தேகத்தின்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. ஏமாற்றுக்காரர் ஒருவர்கூட உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே அதன் முதல் விதி. உரிமை உடையவர் ஒருவரும் வெளியே நின்றுவிடக் கூடாது என்ற விதி அதில் எங்கும் இல்லை.

வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கண்டது. அவர்களில் மனநோயால் ஊனமுற்றோர் 7.22 லட்சம் பேர் மட்டுமே. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வோ வேறொரு சித்திரத்தைத் தருகிறது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்கின்றனர். கடுமையான மனநோய் உடையோர் மட்டும் 0.8 விழுக்காடு என்கிறது அந்த ஆய்வு. இந்தியாவின் வயதுவந்தோர் தொகைக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் கடுமையான மனநோயாளர் எண்ணிக்கை 60 லட்சத்துக்குக் குறையாது. கணக்கெடுப்பில் எண்ணப்பட்டோரைப் போல எட்டு மடங்கு. போலிகள் பெருகிவிட்டனர் என்று கூக்குரல் எழும் நாட்டில், உண்மையான நோயாளிகளில் பெரும்பாலோர் அரசின் பேரேட்டிலேயே இல்லை.

சட்டம் ஒரு கையால் தந்தது

மனநோயை ஊனங்களில் ஒன்றாக இந்தியச் சட்டம் முதன்முதலில் ஏற்றது 1995இல். அந்த ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் கடைசியாக இடம்பெற்றது மனநோய். ஆனால் அதே சட்டம் வழங்கிய மூன்று விழுக்காடு வேலை ஒதுக்கீட்டில் மனநோய்க்கு இடமில்லை. பெயரைப் பட்டியலில் எழுதி, பங்கை மறுத்தது அச்சட்டம். இருபத்தோர் ஆண்டுகள் அந்நிலை நீடித்தது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்தது. மாற்றுத்திறனாளர் இயக்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, அவ்வுடன்படிக்கைக்கு இணங்க 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் வந்தது. ஊனங்களின் வகை 21 ஆனது. அரசுப் பணியில் நான்கு விழுக்காடு ஒதுக்கீடு உறுதி செய்யப்பட்டது. அந்நான்கில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் ஆகிய அனைத்தும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சிறியதாயினும் இது போராடிப் பெற்ற உரிமை.

அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பேசுகிறது. மாற்றுத்திறனாளர் ஓய்வூதியம், ஈராண்டுகளுக்கு மேல் பதிவு செய்து காத்திருந்தும் வேலை கிடைக்காதோருக்கு வேலையின்மைப் படி, மிகுந்த ஆதரவு தேவைப்படுவோரைக் கவனித்துக்கொள்வோருக்கான படி ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. பிறருக்கான இதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளருக்கு 25 விழுக்காடாவது கூடுதலாக வழங்க வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு காவலாளி நிறுத்தப்பட்டிருக்கிறார். அரசு தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்ட எல்லைக்குள் இவற்றைச் செய்யும் என்பதே அந்தக் காவலாளி. பெருமுதலாளிகளின் வரியைக் குறைக்கும் எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு நிபந்தனை இருப்பதில்லை. 2019 செப்டம்பரில் நிறுவன வரி விகிதம் வெட்டப்பட்டபோது அரசின் பொருளாதாரத் திறன் எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

இருபது மதிப்பெண்

மனநோயின் ஊனத்தை எப்படி அளப்பது? இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கிய ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் அதற்குப் பயன்படுகிறது. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறருடன் உறவாடுதல், கருத்தை உணர்தலும் உணர்த்துதலும், வேலை ஆகிய நான்கு துறைகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தரப்படும். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை சேர்க்கப்படும். மொத்தம் 20. ஆறு மதிப்பெண் வரை பெறுபவர் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர். சட்டத்தின் முக்கியப் பயன்கள் அவருக்கு இல்லை. 7 முதல் 13 வரை 40 முதல் 70 விழுக்காடு. 14 முதல் 19 வரை 71 முதல் 99 விழுக்காடு. 20 பெற்றால் நூறு விழுக்காடு.

மருத்துவ நோக்கில் இதைவிட ஒழுங்கான அளவுகோல் இல்லாதிருக்கலாம். இதனை உருவாக்கிய மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடுதான் உருவாக்கினர். நோய்ப் பெயரைப் பாராமல், அந்நோய் வாழ்க்கையில் எதைப் பறித்தது என்று பார்ப்பதே அதன் சிறப்பு. ஆயினும் வர்க்கங்களாகப் பிளவுண்ட சமூகத்தில் ஒரே அளவுகோல் எல்லோரையும் ஒன்றுபோல் அளப்பதில்லை.

வேலை என்ற துறையை எடுத்துக்கொள்வோம். மனச்சிதைவு நோய் உடைய நடுத்தர வர்க்க இளைஞருக்குப் பெற்றோரின் சம்பளம் இருக்கிறது. நோய் முற்றினால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடிகிறது. அவர் வேலை செய்ய இயலாதவர் என்பது மருத்துவர் முன் தெளிவாகிறது. அதே நோய் உடைய கட்டடத் தொழிலாளிக்கோ வீட்டில் இருக்க வழியில்லை. காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் சாரத்தில் ஏறுகிறார். வாரத்தில் மூன்று நாள் வேலை, நான்கு நாள் முடக்கம். மேஸ்திரி விரட்டினால் வேறு இடம். மருத்துவர் கேட்கிறார்: வேலைக்குப் போகிறாரா? போகிறார் என்கிறார் மனைவி. அந்த ஒரு சொல் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது. அவரை வேலைக்கு அனுப்பியது நலம் அன்று, பட்டினி. பட்டினி எழுதிக் கொடுத்த தகுதிச் சான்றை அரசு வாங்கிவைத்துக்கொண்டு, நீர் ஊனமுற்றவர் இல்லை என்கிறது.

பெண்களின் நிலை இன்னும் கொடிது. கடும் மனச்சோர்வில் பல மாதங்களாக உறக்கம் இழந்த பெண்ணும் அடுப்பு மூட்டத்தான் வேண்டும். தண்ணீர் பிடிக்கத்தான் வேண்டும். சமைக்கிறாரா, துணி துவைக்கிறாரா என்ற கேள்விகளுக்குக் குடும்பத்தார் ஆம் என்றே பதில் சொல்வர். கூலியில்லா வேலையாக இருந்தபோது எந்தக் கணக்கிலும் சேராத அவ்வுழைப்பு, உதவி கேட்கும் நாளில் மட்டும் அவருக்கு எதிரான சாட்சியாகக் கணக்கில் சேர்கிறது. அப்படியே சான்றிதழ் கிடைத்தாலும் அதை வெளியே காட்ட அவர் அஞ்சுகிறார். இந்துத் திருமணச் சட்டம் மனநோயை மணவிலக்குக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. உதவித்தொகைக்காகப் பெற்ற காகிதம் நாளை குடும்ப நீதிமன்றத்தில் கணவர் தரப்பு ஆவணமாக வந்து நிற்கலாம் என்ற அச்சம் ஆதாரமற்றது அன்று.

நோயின் கால அளவுக்கும் இதே கதிதான். பத்தாண்டுகளுக்கு மேல் நோய் இருந்தால் முழு நான்கு மதிப்பெண். ஆனால் பத்தாண்டு நோயை மெய்ப்பிக்க மருத்துவச் சீட்டுகள் வேண்டும். மனநலக் கோளாறுகளுக்குச் சிகிச்சை பெறாதோர், நோயின் வகைக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை உள்ளனர் என்று அதே தேசிய ஆய்வு கூறுகிறது. தர்காவுக்கும் கோயிலுக்கும் மந்திரவாதியிடமும் அழைத்துச் சென்ற ஆண்டுகளுக்கு யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. சிகிச்சை தரத் தவறிய அரசு, சிகிச்சைக்கான சான்றைக் கேட்கிறது.

வாசலில் நிற்கும் வரிசை

அளவுகோலுக்கு முன்பாக வாசல் இருக்கிறது. மனநோய்க்கான ஊனச் சான்றைத் தர மனநல மருத்துவர் வேண்டும். இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற கணக்கை 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலையுடன் பதிவு செய்தது. ஒரு லட்சம் பேருக்கு மூவர் இருக்க வேண்டும் என்பது விரும்பத்தக்க அளவு. இருக்கும் மருத்துவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கின்றனர். அவர்களில் பலர் தனியார் மருத்துவமனைகளில். மாவட்ட மருத்துவமனையில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில்தான் சான்றளிப்பு என்றால், அந்நாளில் நோயாளியும் உடன் செல்பவரும் ஆக இருவரின் கூலி போகிறது. அன்று மருத்துவர் விடுப்பு என்றால் அடுத்த வாரம் மீண்டும் இருவரின் கூலி.

2021 ஜூன் முதல் சான்றளிப்பு முழுவதும் இணையவழி ஆக்கப்பட்டது. யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை, நாடு முழுதும் செல்லும் ஒரே சான்று என்ற வகையில் வரவேற்கத் தக்கதே. புலம்பெயர் தொழிலாளிக்கு அது மிகவும் தேவை. ஆனால் கைப்பேசியும் ஆதார் இணைப்பும் இணையவழி விண்ணப்பமும் யாருக்கு எளியவை? குடும்பமே கைவிட்டுத் தெருவில் திரியும் மனநோயாளிக்கு முகவரிச் சான்று எங்கிருந்து வரும்? 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தம், சான்று வழங்குவதற்கான காலவரம்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டியது. ஈராண்டுகள் முடிவெடுக்கப்படாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்ததாகக் கருதப்படும் என்றும், விண்ணப்பதாரர் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சொன்னது. தாமதம் அலுவலகத்துடையது, தண்டனை நோயாளிக்கு.

வரிசையில் நின்று பெற்ற சான்றும் நிலைப்பதில்லை. மனநோய் ஏறியும் இறங்கியும் வருவது. மருந்து வேலை செய்தால் சில மாதங்கள் தெளிவு. நிறுத்தினால் மீண்டும் வீழ்ச்சி. இதைக் காரணமாக்கிப் பல சான்றுகள் தற்காலிகம் என்ற முத்திரையோடு தரப்படுகின்றன. காலம் முடிந்ததும் மறு பரிசோதனை. மருந்தால் சற்றுத் தேறியிருந்தால் மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைந்தால் உதவி நிற்கிறது. உதவி நின்றால் மருந்து நிற்கிறது. நோயாளி தேறுவதைத் தண்டிக்கும் திட்டத்துக்கு நலத்திட்டம் என்று பெயர்.

இருமுனைப் பிறழ்வு நோய் உடைய வழக்கறிஞர் ஒருவர் நீதித்துறைப் பணிக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்வு எழுதினார். அவரது ஊனம் நிரந்தரமானது இல்லை என்று கூறி அவருக்குப் பணி மறுக்கப்பட்டது. 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. நோய் தணிந்திருப்பதால் அது இல்லாமற் போய்விடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்டம் படித்தவருக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், சாரத்தில் ஏறும் தொழிலாளி எந்தப் படியில் ஏறுவார்?

இறுதியில் கிடைப்பது என்ன?

இத்தனை வாசல்களையும் கடந்தவருக்கு ஒன்றிய அரசு வைத்திருப்பது, இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம். 2009இல் தொடங்கிய இத்திட்டத்தில் பயன்பெற வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊனம் 80 விழுக்காடு இருக்க வேண்டும். சட்டம் 40 விழுக்காட்டில் உரிமையைத் தொடங்குகிறது. திட்டம் அதை இரட்டித்து 80இல் கதவைத் திறக்கிறது. ஐடியாஸ் அளவுகோலில் 7 முதல் 13 மதிப்பெண் வரை பெறும் நோயாளர் எவரும் உள்ளே வர முடியாது. அவ்வளவும் கடந்து வந்தால் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் நிர்ணயித்த அத்தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. நாடு முழுவதும் இதைப் பெறுவோர் சுமார் 8 லட்சம். 2011 கணக்கின்படியான மாற்றுத்திறனாளிகளில் நூற்றுக்கு மூவர்.

தேசிய மனநல ஆய்வு நடந்த காலத்திலேயே, மனநோயாளி உள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் பயணத்துக்கும் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டன. முந்நூறு ரூபாய் அதில் பேருந்துக் கட்டணத்துக்கே போதாது. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசு தரும் பங்கு, எண்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு, 200 ரூபாய். இருநூற்றைக் காட்டிலும் முந்நூறு ஐம்பது விழுக்காடு கூடுதல் அல்லவா? சட்டம் கேட்ட 25 விழுக்காட்டுக்கும் மேலாகவே கொடுத்தாயிற்று! முதியவரைப் பட்டினி போட்டு, அந்தப் பட்டினியை அளவுகோலாக்கி மாற்றுத்திறனாளருக்கு நீதி வழங்கும் விந்தை இது. இவ்வோய்வூதியங்களை உள்ளடக்கிய தேசிய சமூக உதவித் திட்டத்துக்கான ஒதுக்கீடு 2022-23 முதல் 2025-26 வரை ஏறத்தாழ 9,650 கோடி ரூபாயிலேயே நின்றது. விலைவாசி மட்டும் நிற்கவில்லை.

மாநிலங்கள் தம் நிதியிலிருந்து சேர்த்துத் தருவதால்தான் இத்தொகை உயிர் வாழ்கிறது. தெலங்கானாவில் 4,016 ரூபாய், ஆந்திரத்தில் 2024 முதல் 6,000. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, ஒன்றிய அரசின் நிதி நெருக்கடிக்கு இடையிலும், சமூகநல ஓய்வூதியத்தை 2025 நவம்பர் முதல் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. உதவி கிடைப்பது ஒருவர் எந்த மாநில எல்லைக்குள் நோயுற்றார் என்பதைப் பொறுத்தது என்றால், அதை உரிமை என்று அழைக்க முடியாது. தொகையை உயர்த்திய ஆந்திரத்திலேயே 2025இல் மறு சரிபார்ப்பு என்ற பெயரில் பெரும் எண்ணிக்கையிலானோருக்குத் தாக்கீதுகள் அனுப்பப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பின்னரே மேல்முறையீட்டு வாய்ப்பு கிடைத்தது. கொடுக்கும் கையிலும் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்போது வருமான வரிச் சட்டத்தைத் திறந்து பார்க்கலாம். பழைய வரி முறையில் வரி செலுத்துவோருக்கு, தமக்கோ தம்மைச் சார்ந்தவருக்கோ 40 விழுக்காடு ஊனம் இருந்தால் 75,000 ரூபாயும், 80 விழுக்காடு இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிக்கப்படும். மனநோயும் அதில் அடங்கும். 30 விழுக்காடு வரி செலுத்தும் உயர் வருவாய்க்காரருக்கு 1,25,000 ரூபாய்க் கழிவால் ஆண்டுக்கு 37,500 ரூபாய் மிச்சம். அதே 80 விழுக்காடு ஊனத்தோடு வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்பவருக்கு ஒன்றிய அரசு தருவது ஆண்டுக்கு 3,600 ரூபாய். அதே சான்றிதழ், அதே நோய், அதே விழுக்காடு. பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு. வரிச் சலுகை பெறுபவர் அதைப் பெறக்கூடாது என்பது வாதம் அன்று. அவருக்குத் தாராளமாகத் திறக்கும் கருவூலம், ஏழைக்கு மட்டும் பொருளாதாரத் திறனைப் பற்றிப் பேசுவது ஏன் என்பதே கேள்வி.

2015இன் இறுதியில் பிரதமர் மோடி தம் வானொலி உரையில் மாற்றுத்திறனாளிகளைத் ‘திவ்யாங்’ என அழைக்கலாம் என்றார். தெய்வீக உறுப்பு படைத்தோர் என்பது பொருள். மறு ஆண்டே துறையின் இந்திப் பெயர் மாற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான தேசிய மேடை உள்ளிட்ட அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. பொருள் விளங்கும் எவருக்கும் எதிர்ப்பின் காரணமும் விளங்கும். மனிதனுக்குத்தான் உரிமை உண்டு. தெய்வத்துக்குக் காணிக்கை போதும். முந்நூறு ரூபாய் காணிக்கைதான்.

தொழிற்கூடத்தின் உள்ளே

அமைப்புசார் தொழிலாளிக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அது அவருக்கே தெரிவதில்லை. இஎஸ்ஐ திட்டத்தின் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன், 34 நெடுநாள் நோய்களுக்கு வழங்கப்படுகிறது. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு உள்ளிட்ட உளப்பிணிகள் அப்பட்டியலில் உள்ளன. தகுதி உடையவருக்குக் கூலியின் 80 விழுக்காடு, ஈராண்டுகள் வரை. ஆனால் இரண்டாண்டு தொடர் வேலை அதற்கு நிபந்தனை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பெயரை நீக்கி மறுபடி சேர்க்கும் ஒப்பந்த முறையில் அந்நிபந்தனை எப்படி நிறைவேறும்? மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் திட்டத்திலேயே இடமில்லை.

பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் முதலாளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அரசும் தன் பங்குக்கு விலக்குகளைத் தேடிக்கொள்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் உடையவர். அவர் மீது ஒழுங்கு நடவடிக்கைகள் தொடரப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நடத்தைப் பிறழ்வுக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதன்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று அத்தீர்ப்பு நிறுவியது. அத்தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பு, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, போலீஸ் மற்றும் துணை ராணுவப் படைகளின் களப் பதவிகளை வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுப் பிரிவிலிருந்து விலக்கி ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டிருந்தது. நீதிமன்றம் ஒரு கதவைத் திறக்கும் காலத்தில் அரசு இன்னொரு கதவை மூடியது.

இயக்கத்துக்குள் ஒரு விவாதம்

முதலாளித்துவ முகாமின் ஐயங்களுக்கு விடை சொல்வது எளிது. உழைக்கும் மக்கள் இயக்கத்துக்குள்ளேயே சில தயக்கங்கள் உள்ளன. அவற்றுக்கும் விடை தேவை.

மனத்துயரின் வேர் சுரண்டலில் இருக்கிறது, சுரண்டலை ஒழிக்காமல் உதவித்தொகை கேட்பது ஒட்டுப்போடும் வேலை என்பது ஒரு தயக்கம். வேர் குறித்த கூற்றில் உண்மை உண்டு. கடனும் வேலையின்மையும் சாதிக் கொடுமையும் மனத்தை உடைக்கின்றன. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்க நிலையை ஆராய்ந்தபோது, ஆலை மனித உடலைச் சிதைக்கும் விதத்தைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தார். இயந்திரத்தில் கை போன தொழிலாளியிடம், முதலில் முதலாளித்துவத்தை ஒழிப்போம், நட்டஈட்டைப் பிறகு பார்ப்போம் என்று எந்தத் தொழிற்சங்கமும் சொன்னதில்லை. நட்டஈட்டுக்கான போராட்டமே தொழிலாளியைத் திரட்டியது. கைக்குப் பொருந்திய நியாயம் மனத்துக்கும் பொருந்தும்.

நோய் முத்திரை குத்துவது மனிதரை இழிவுபடுத்தும், சான்று வாங்கச் சொல்லலாமா என்பது இன்னொரு தயக்கம். முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டுவிட்டது. அண்டை வீடும் வேலைத்தலமும் குத்திய முத்திரைக்குப் பயன் எதுவும் இல்லை. இழிவு மட்டுமே உண்டு. சான்றோ உரிமைக்கான கருவி. அதை வாங்குவதா வேண்டாமா என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். வாங்க விரும்புபவர் தனியாக நிற்கக் கூடாது என்பதே இயக்கத்தின் கடமை.

மூன்றாவது தயக்கம் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. இது குடும்ப விவகாரம் என்பதே அது. குடும்பம் என்று பொதுவாகச் சொல்லும்போது நடைமுறையில் அது ஒரு பெண்ணைக் குறிக்கிறது. மருந்து கொடுப்பவர், இரவில் விழித்திருப்பவர், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர், அதற்காக வேலையை விட்டவர் தாயோ மனைவியோ மகளோதான். சட்டத்தில் கவனிப்போருக்கான படி இருந்தும் அது பெருமளவில் காகிதத்தில் கிடக்கிறது. அரசு தட்டிக்கழித்த பொறுப்பைப் பெண்ணின் கூலியில்லா உழைப்பு சுமக்கிறது. இதை வர்க்கப் பிரச்சனை இல்லை என்று சொல்ல இயலாது.

கவனிப்பாரற்றுப் போனால் என்ன நேரும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவில் நிற்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவுகள் பறந்தன. அவர்களைச் சங்கிலியில் விட்டுச் சென்ற குடும்பங்கள் கல்நெஞ்சம் படைத்தவை என்று அன்று பேசியவர் பலர். மருத்துவமனையும் உதவித்தொகையும் இல்லாத ஊரில் ஏழைக் குடும்பத்துக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டவர் சிலரே.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்றிய ஓய்வூதியத்துக்கான 80 விழுக்காட்டு நிபந்தனை நீங்கி, சட்டம் சொல்லும் 40 விழுக்காடே தகுதியாக வேண்டும். ஒன்றிய அரசின் பங்கு விலைவாசிப் புள்ளியோடு இணைந்து உயர வேண்டும். வறுமையால் வேலைக்குப் போனதை நலமாகக் கணக்கிடாதபடி மதிப்பீட்டு நெறிமுறை திருத்தப்பட வேண்டும். நெடுநாள் மனநோய்க்குத் தற்காலிகச் சான்று தரும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். மறு பரிசோதனை முடியும் வரை உதவி நிற்கக் கூடாது. கவனிப்போர் படி நடைமுறைக்கு வர வேண்டும். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் மனநல மருத்துவச் சேவையும் சான்றளிப்பும் வேண்டும்.

கோரிக்கை மனு மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் சான்று இல்லாத மனநோயாளர் யார் என்று கண்டறிய முடியும். மருத்துவமனை நாளில் ஒரு தோழர் உடன் செல்ல முடியும். வேலைக்குப் போகிறாரா என்ற கேள்விக்கு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மேஸ்திரிகள் விரட்டினர், எந்த வேலையைப் பாதியில் விட்டார் என்று முழு விடை சொல்லக் குடும்பத்துக்குத் துணை நிற்க முடியும். பழைய மருந்துச் சீட்டுகளைத் திரட்டி வைக்கச் சொல்ல முடியும். இஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளி மனநோயால் விடுப்பில் இருந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனுக்கு விண்ணப்பித்தாரா என்று சங்கம் கேட்க முடியும். மாதர் சங்கமும் இளைஞர் அமைப்பும் மாற்றுத்திறனாளர் இயக்கத்தோடு இணைந்து முகாம்களைக் கோர முடியும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மேல்முறையீடு செய்ய முடியும். அம்மறுப்புகளைத் தொகுத்தால் அதுவே அரசுக்கு எதிரான குற்றப்பத்திரிகை ஆகும்.

போலிகள் எத்தனை பேர் என்று ஆளும் வர்க்கம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பெயரே பதியப்படாத ஐம்பது லட்சம் பேருக்கு மேற்பட்டோரைப் பேரேட்டில் ஏற்றும் வேலை கிளைகளின் கையில் இருக்கிறது.